ஒத்தடத்திலிருந்து கலகம் வரை: ‘ஃபோமென்ட்’ என்ற சொல்லைக் கையாள்வது எப்படி

‘ஃபோமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் எனக்கு அறிமுகமானது. அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் நாட்களில் வாணலியில் இரண்டு கை கல் உப்பைப் போட்டு வறுப்பார். உப்பு முதலில் படபடவென்று வெடிக்கும், அப்புறம் அடங்கும். அதைப் பழைய வேட்டித் துண்டில் கொட்டி இறுக முடிந்து, தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். பொறுக்கும் சூடுதான் என்று தெரிந்த பிறகே முடிச்சு அப்பாவின் முதுகுக்குப் போகும். ஒற்றி எடுப்பார், ஒற்றி எடுப்பார். ஆறிவிட்டால் உப்பு மறுபடி வாணலிக்குப் போகும். இப்படியே அரை மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “என்னக்கா, ஒத்தடமா?” என்றால், “ஆமா, ஃபொமென்டேஷன்” என்று ஆஸ்பத்திரிச் சொல்லிலேயே பதில் வரும்.

அதனால் அந்தச் சொல் என்றால் எனக்குச் சூடும் வலி நிவாரணமும்தான். அதற்கு வேறொரு முகம் இருப்பது 1994-இல், மதுரையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில், அதாவது செய்திகளை மொழிபெயர்த்துத் திருத்தும் பிரிவில், இரவுப் பணிக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் தெரிந்தது. ஒரு நூற்பாலை வேலைநிறுத்தம் பற்றி டெலிபிரிண்டரில் நாலு பத்திச் செய்தி வந்திருந்தது. தொழிலாளர்களிடையே வெளியாட்கள் ‘அன்ரெஸ்ட்’டை ‘ஃபோமென்ட்’ செய்வதாகப் போலீஸ் தரப்பு சொன்னது என்று ஒரு வரி. பக்கம் முடிக்கும் அவசரம். அகராதியைப் புரட்டினேன், ‘தூண்டு’ என்றிருந்தது. “ஆலைத் தொழிலாளர்களிடையே வெளியாட்கள் கலவரத்தைத் தூண்டினர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சீஃப் சப், அதாவது தலைமைத் துணை ஆசிரியரும் பார்த்தார், அப்படியே அச்சுக்குப் போனது.

மறுநாள் மாலை ஒருவர் அலுவலகம் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் எங்கள் பேப்பர் நாலாக மடித்திருந்தது. “ஏம்மா, கலவரம் எங்க நடந்துச்சு? கேட்டுக்கு வெளிய பந்தல் போட்டு உக்காந்திருக்கோம். ஒரு கண்ணாடிகூட உடையல. சம்பந்தி வீட்ல ஆள் விட்டுக் கேக்குறாங்க, உங்க ஊர்ல கலவரமாமேன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “மன்னிச்சுக்கங்க அண்ணே” என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

அந்த ஒரு வரியில் எத்தனை தப்பு என்று பிறகு உட்கார்ந்து எண்ணினேன். ‘அன்ரெஸ்ட்’ என்றால் கொந்தளிப்பு, மனப்புகைச்சல்; அதைக் கலவரம் ஆக்கிவிட்டேன். ‘ஃபோமென்ட்’டைத் ‘தூண்டினர்’ என்று முடிந்துபோன செயலாக்கிவிட்டேன். சொன்னது போலீஸ் என்பதையும் விழுங்கிவிட்டேன். இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, எங்கே பயன்படுத்துவது, தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் டெஸ்க்கில் நான் பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு செய்பவர்களுக்கும், ஆங்கிலத்தில் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் சொல்லின் அடிமனத்துக்குப் போங்கள்

லத்தீனில் ‘ஃபோவேரே’ என்றால் வெதுவெதுப்பாக வைத்திருப்பது, பேணுவது. அதிலிருந்து ‘ஃபோமென்டம்’, அதாவது சூடான ஒத்தடம், பற்று. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘ஃபோமென்ட்’ வைத்தியச் சொல்லாகவே வந்தது. வெந்நீரில் நனைத்த துணியை உடம்பில் வைப்பதுதான் பொருள். 17-ஆம் நூற்றாண்டில்தான் கலகம், பகை, அதிருப்தி ஆகியவற்றோடு அது சேர்ந்துகொண்டது. இன்று லண்டனிலோ நியூயார்க்கிலோ பேப்பர் படிப்பவருக்கு ‘ஃபோமென்ட்’ என்றால் பெரும்பாலும் கலகம்தான் ஞாபகம் வரும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பழைய பொருள் ‘ஃபொமென்டேஷன்’ வடிவில் இன்னும் புழங்குகிறது. ஒரே சொல்லின் இரண்டு காலங்களும் நம் காதில் விழுகின்றன. இது தமிழ் வாசகருக்குக் கிடைத்திருக்கிற வசதி, இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவின் உப்பு முடிச்சை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல்லைப் பற்றி வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். வலி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வலி இல்லாத முதுகுக்கு யாரும் ஒத்தடம் கொடுப்பதில்லை. அதுபோல ‘ஃபோமென்ட்’ செய்பவர் வெறும் வெளியிலிருந்து ஒரு கோபத்தைப் படைப்பதில்லை. இருக்கிற மனக்குறைக்குச் சூடு ஏற்றுகிறார். அடுத்தது, வேகம். ஒரு தடவை ஒற்றிவிட்டுப் போனால் அது ஒத்தடம் ஆகாது. ஆற ஆற மறுபடி சூடாக்கி, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். ‘ஃபோமென்ட்’டும் நாட்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கிற வேலை. ஒரே ஒரு மேடைப் பேச்சுக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பொருந்தாது. தெருத்தெருவாக, கூட்டம் கூட்டமாக, துண்டுப் பிரசுரம் துண்டுப் பிரசுரமாக நடக்கும் வேலைக்குப் பொருந்தும். அப்புறம், முடிச்சைப் பிடித்திருக்கும் கை. பெரும்பாலும் ஒருவர் தெரிந்தே செய்கிறார் என்ற தொனி இதில் இருக்கிறது.

எதன் மேல் வைக்கலாம், எதன் மேல் வைக்கக் கூடாது

ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் இது. ‘ஃபோமென்ட்’ என்ற வினை ஆளைச் செயப்படுபொருளாக எடுக்காது. ‘அவனை ஃபோமென்ட் செய்தான்’ என்று எழுதினால், அவன் முதுகில் வெந்நீர்த் துணி வைத்தான் என்றுதான் பழைய அகராதி புரிந்துகொள்ளும். ‘அவர்களைக் கலகம் செய்யும்படி ஃபோமென்ட் செய்தான்’ என்பதும் தவறு. அந்த அமைப்புக்கு ‘இன்சைட்’ இருக்கிறது, ஆட்களை ஒரு செயலில் நேரடியாக இறங்கச் சொல்லித் தூண்டுவது. ‘ஃபோமென்ட்’டுக்குப் பின்னால் ஒரு நிலையோ உணர்வோ நிகழ்வோ வர வேண்டும்: அதிருப்தி, பகை, பிளவு, வெறுப்பு, கிளர்ச்சி, கலகம், புரட்சி. ஆட்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘இன்னாரிடையே’ என்று பக்கவாட்டில் சேர்க்க வேண்டும். தொழிலாளர்களிடையே அதிருப்தி, இரண்டு சமூகங்களுக்கு இடையே பகை, இப்படி.

எழுவாய் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அமைப்பு, அரசு, ஒரு கொள்கை, ஒரு மனப்போக்குகூட வரலாம். எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் வெளியிட்ட விடைபெறும் உரையில் இருக்கிறது. கட்சி மனப்பான்மை ஒரு நாட்டை என்ன செய்யும் என்று அவர் சொல்லும் வாக்கியத்தில் இந்த வினை வருகிறது. அந்த மனப்பான்மை சமூகத்தை ஆதாரமற்ற சந்தேகங்களாலும் பொய்ப் பீதியாலும் அலைக்கழிக்கிறது, ஒரு பகுதியினர் மேல் இன்னொரு பகுதியினருக்குப் பகையைப் பற்றவைக்கிறது, சில சமயம் கலவரத்தையும் கிளர்ச்சியையும் மூட்டி வளர்க்கிறது என்பது அதன் சாரம். அவர் போட்ட வினைகளை வரிசையாகப் பாருங்கள்: ‘அஜிடேட்’, ‘கிண்டில்’, ‘ஃபோமென்ட்’. முதலில் கலக்குவது, அடுத்து பற்றவைப்பது, கடைசியில் சூடு ஆறாமல் வளர்ப்பது. பற்றவைப்பதற்கும் வளர்ப்பதற்கும் தனித்தனி வினை தேவைப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ‘ஃபோமென்ட்’ உட்கார்ந்திருக்கிறது. டெஸ்க்கில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் வாக்கியம் அதுதான்.

நல்ல விஷயத்துக்கு இதைப் போடலாமா என்று கேட்பார்கள். உற்சாகத்தை, மாற்றத்தை ‘ஃபோமென்ட்’ செய்வதாக எழுதுகிறவர்கள் உண்டு. ஆனாலும் காதில் கொஞ்சம் உறுத்தும். சொல்லின் மேல் கண்டனத்தின் நிறம் ஏறிவிட்டது. உங்கள் கட்டுரையில் ஒருவரைப் பாராட்ட நினைத்தால் வேறு சொல் எடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் பெரியது. நம் அகராதிகள் எல்லாவற்றுக்கும் ‘தூண்டு’ என்று ஒரே மூடி போட்டு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு காட்சி இருக்கிறது. காட்சி தெரிந்தால் சொல் தானாக வந்து பொருந்தும்.

‘இன்ஸ்டிகேட்’ என்பதில் ஒரு கூர்முனை இருக்கிறது. குத்துதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த லத்தீன் சொல் அது. நம் வண்டிக்காரர் கையில் இருக்கும் தாற்றுக்குச்சியை நினைத்துப் பாருங்கள். முனையில் ஆணி வைத்த குச்சி. காளை நின்றால் பின்னால் ஒரு குத்து. காளை நடக்கும், குத்தியவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ‘இன்ஸ்டிகேட்’ செய்கிறவரும் அப்படித்தான், பின்னால் இருந்து முடுக்கிவிடுகிறார். முதல் நகர்வு அவரிடமிருந்து வருகிறது. விசாரணையைத் தொடங்கிவைப்பதற்கும், வழக்குப் போடவைப்பதற்கும் இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எடுப்பார்கள். ஆகவே இது எப்போதும் கெட்ட சொல் இல்லை.

‘எக் ஆன்’ என்பதைப் பார்த்துவிட்டு முட்டையைத் தேடாதீர்கள். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘எக்’ என்றால் கத்தியின் விளிம்பு, கூர். ஆங்கிலத்தின் ‘எட்ஜ்’ அதன் உறவுக்காரச் சொல். கூர் தீட்டிவிடுவது என்பதுதான் உள்ளே இருக்கும் காட்சி. நம்மிடம் அச்சாக அதே காட்சி இருக்கிறது: கொம்பு சீவிவிடுவது. இரண்டு பையன்கள் சண்டைக்கு நிற்கும்போது சுற்றி நின்று “விடாதடா, அடிடா” என்பவர்களுக்கு ‘எக் ஆன்’ சரி, கொம்பு சீவிவிடுவதும் சரி, உசுப்பேற்றுவதும் சரி. வடகடல் ஓரத்து மொழியும் நம் மொழியும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கும்.

‘ப்ரவோக்’ என்றால் லத்தீனில் வெளியே வா என்று அழைப்பது. வீட்டு வாசலில் நின்று “வாடா வெளியே” என்று கூப்பிடும் காட்சி. தமிழில் சீண்டுவது, வம்புக்கு இழுப்பது. இதில் வேகம் உண்டு, எதிராளி உண்டு, உடனடி பதில் உண்டு. தெரியாமலேகூட ஒருவரை ‘ப்ரவோக்’ செய்துவிடலாம். சிரிப்பை, சிந்தனையை, விவாதத்தை எழுப்புவதற்கும் இதைச் சொல்லலாம். சட்டத்தில் இந்தச் சொல்லின் வேகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கொலை வழக்கில் ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’ இருந்தது என்று நிரூபித்தால் குற்றத்தின் தரம் குறையும். 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியின் தரப்பு அந்த வாதத்தையும் வைத்தது. உண்மை தெரிந்து வீட்டிலிருந்து கிளம்பியதற்கும் சுட்டதற்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம் போயிருந்தது, நிதானத்துக்கு வரப் போதுமான நேரம் இருந்தது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1961-இல் அதை ஏற்கவில்லை. ‘ப்ரவோக்’ என்பது சூடு ஆறுவதற்குள் நடப்பது. ‘ஃபோமென்ட்’ என்பது ஆறவிடாமல் பார்த்துக்கொள்வது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் இரண்டையும் குழப்ப மாட்டீர்கள்.

‘இன்ஃப்ளேம்’ நேரடியாகத் தீ. கோபத்துக்கும் உடம்புக்கும் இரண்டுக்கும் வரும். உடம்பில் வந்தால் தமிழில் அழற்சி. ‘அழல்’ என்றால் நெருப்புதானே. ‘இன்சென்ஸ்’ என்ற வினை ஒருவரைக் கடுங்கோபம் கொள்ள வைப்பது. அதே எழுத்துக்கள் பெயர்ச்சொல்லாக வந்தால் சாம்பிராணி. இரண்டும் எரிப்பது என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

‘ஃபெர்மென்ட்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலேயர்களே இதில் குழம்புகிறார்கள். ஓசையும் பொருளும் அருகருகே இருக்கின்றன. ‘ஃபெர்மென்ட்’ புளித்துப் பொங்குவது. இட்லி மாவை அரைத்து மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனால், காலையில் அது தானாகப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நாட்டில் யாரும் கிளறாமலேயே ஒரு பொங்கல் நடக்கும்போது ‘பொலிட்டிகல் ஃபெர்மென்ட்’ என்பார்கள். கிளறும் கை தெரிந்தால் ‘ஃபோமென்ட்’. ‘ஃபெர்மென்ட்’டையும் கிளறிவிடுவது என்ற பொருளில் எடுத்தாள்கிறவர்கள் இருக்கிறார்கள், அகராதியும் ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் எழுத்து தெளிவாக இருக்கும் என்பது என் கட்சி.

உச்சரிப்பில் அழுத்தம் பொதுவாக இரண்டாவது அசையில், ‘மென்ட்’டில் விழும். அவ்வளவுதான்.

தமிழில் கொண்டுவருவது

அகராதி சொல்லும் ‘தூண்டு’ அழகான சொல். குத்துவிளக்கில் திரி மங்கும்போது நுனியை மேலே தள்ளி விடுவோமே, அந்தச் செயல். தூண்டுகோல் என்பது அதற்கான குச்சி. ஆனால் இன்றைய செய்தித் தமிழில் ‘தூண்டுதல்’ காவல் நிலைய வாசனை ஏறிய சொல்லாகிவிட்டது. ‘தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு’ என்று தினமும் படிக்கிறோம். அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 306-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 108-ஆவது பிரிவு. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பது என்றால் என்ன என்று சட்டம் விளக்கும்போது முதலில் சொல்வதே ‘இன்ஸ்டிகேட்’ செய்வதைத்தான். ஆகவே ஒருவர் ‘தூண்டினார்’ என்று நீங்கள் எழுதினால், வாசகர் மனதில் அவர் பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறார். ‘ஃபோமென்ட்’ அவ்வளவு தூரம் போவதில்லை.

இந்த வேறுபாடு கருத்துச் சுதந்திரம் வரைக்கும் போகிறது. அரசியலமைப்பின் 19(2) பிரிவில், பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க இடம் தரும் காரணங்களில் ஒன்றாக ‘குற்றம் செய்ய இன்சைட் செய்வது’ 1951-இன் முதலாவது திருத்தத்தில் சேர்ந்தது. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது: ஒரு விஷயத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, ‘இன்சைட்’ செய்வது. எவ்வளவு பேருக்குப் பிடிக்காத கருத்தாக இருந்தாலும் முதல் இரண்டும் உரிமையின் மையத்தில் இருப்பவை, மூன்றாவது படியை எட்டினால்தான் கட்டுப்பாடு பேச்சே வரும் என்றது. ஆங்கிலச் செய்தியில் ‘ஃபோமென்ட்’ என்று இருப்பதை நாம் யோசிக்காமல் ‘தூண்டினார்’ என்று போட்டால், வாதாடிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு வரியில் மூன்றாவது படிக்குத் தூக்கி வைத்துவிடுகிறோம். நான் செய்ததும் அதுதான்.

அப்படியானால் எதைப் போடுவது? ‘மூட்டிவிடு’ எனக்கு முதல் தேர்வு. அடுப்பு மூட்டுவது, கோள் மூட்டுவது, பகை மூட்டுவது என்று எல்லாம் அதில் இருக்கிறது. மெதுவாக நடக்கும் வேலை என்பதைக் காட்ட வேண்டுமென்றால் ‘மூட்டி வளர்ப்பது’. மனக்குறை ஏற்கெனவே இருக்கிறது என்பது முக்கியமானால் ‘ஊதிப் பெரிதாக்குவது’, ‘கனல வைப்பது’. நேர்ப்பேச்சு நடையில் எழுதுகிறீர்கள் என்றால் ‘தூபம் போடுவது’ அற்புதமான பொருத்தம். சாம்பிராணிக்குக் கங்கு ஏற்கெனவே வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூவ வேண்டும், புகை வீடெல்லாம் தானாகப் பரவும். ஆனால் செய்தித் தலைப்பில் போட்டால் கேலித் தொனி வந்துவிடும், கவனம். இரண்டு பேருக்குள் சண்டை மூட்டுவதற்குச் ‘சிண்டு முடிவது’ இருக்கிறது. அது இரண்டு தனி ஆட்களுக்குள் நடப்பது. நாட்டுக் கிளர்ச்சிக்கு ஒட்டாது.

‘குளிர்காய்வது’ என்ற சொல்லை இந்த இடத்தில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது வேறு. தீயை மூட்டியவர் ஒருவராகவும் குளிர்காய்கிறவர் இன்னொருவராகவும் இருக்கலாம். குளிர்காய்வது ஆதாயம் அடைவதைச் சொல்கிறது, தீ வளர்ந்ததற்கு யார் காரணம் என்பதை அது சொல்வதே இல்லை.

‘ஒத்தடம்’ என்றே போடலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். கூடாது. அதே துணி, அதே சூடு, ஆனால் தமிழ் அதை வேறு பக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. “அவர் பேசினது மனசுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது” என்றால் ஆறுதல். ஐரோப்பியர்கள் சூடு ரத்தத்தைக் கிளப்புவதைக் கவனித்திருக்கிறார்கள், நாம் சூடு வலியை இறக்குவதைக் கவனித்திருக்கிறோம். இரண்டும் உண்மைதான். அம்மாகூட, சுளுக்கின அன்றைக்கே சூடு வைத்தால் வீக்கம் கூடும், முதலில் ஐஸ் வை என்று சொல்வார்.

யார் சொன்னது என்று கேளுங்கள்

‘ஃபோமென்ட்’ பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டாகத்தான் அச்சுக்கு வருகிறது. நான் அதிருப்தியை வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தன்னைப் பற்றி யாரும் அறிக்கை விடுவதில்லை. அதிகாரத்தில் இருப்பவர் இல்லாதவரைப் பற்றி, நிர்வாகம் சங்கத்தைப் பற்றி, ஒரு நாடு பக்கத்து நாட்டைப் பற்றிச் சொல்வதுதான் வழக்கம். அதனால் மொழிபெயர்க்கும்போது வினையைத் தேடுவதற்கு முன்னால் சொன்னவரைத் தேடுங்கள். ஆங்கிலச் செய்தியில் அது வாக்கியத்தின் வாலில், ஒரு கமாவுக்குப் பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழில் அதை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், சொன்னவரை முதலிலேயே வைக்காவிட்டால் வாசகர் பாதி தூரம் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டே படித்துக்கொண்டு போவார்.

இந்தச் சொல்லின் அரசியல் நம் மண்ணில் எப்படி நடந்தது என்பதற்கு 1908-ஐப் பாருங்கள். தூத்துக்குடி கோரல் மில்லில் குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள், நிர்வாகம் கூலி உயர்வுக்கு இறங்கி வந்தது. மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. வழக்கு ராஜத்துரோகப் பிரிவான 124ஏ-இல். அந்தப் பிரிவு பயன்படுத்திய வினை ‘எக்ஸைட்’, அரசின் மேல் வெறுப்பைக் கிளப்புவது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சிக்கு ஆயுள் தண்டனை விதித்தார். அரசின் பார்வையில் வெறுப்பு இரண்டு பேச்சாளர்களின் வாயிலிருந்து வந்தது. மில் வாசலில் நின்றவருக்கு அது கூலிச் சீட்டிலிருந்து வந்தது. எந்தப் பார்வையை உங்கள் வினை சுமக்கிறது என்பதை எழுதும் முன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்று நம்மில் சொல்வார்கள். ‘ஃபோமென்ட்’ என்ற சொல் விசிறுகிறவரை மட்டும் காட்டும், கொள்ளி எது என்று காட்டாது. நல்ல செய்தியாளர் அடுத்த பத்தியிலாவது அந்தக் கொள்ளியை எழுதிவிடுவார்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். இந்தக் குடும்பத்துச் சொல் ஏதாவது ஒன்று வரும் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே அங்கே கோபம் இருந்ததா? வேலை ஒரே நாளில் நடந்ததா, நாட்கணக்கில் நடந்ததா? செயப்படுபொருள் ஆளா, உணர்வா? ஏதாவது உண்மையில் வெடித்ததா, இல்லை வெடிக்கும் என்ற பயம் மட்டுமா? சொன்னவர் யார்? இவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் தமிழ் வாக்கியத்துக்கு வாருங்கள். முதல் வாரம் ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு மாதத்தில் கை தானாகப் போகும்.

1994-இல் வந்த அந்த வரியை இதே மாதிரி நான் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். கோபம் முன்பே இருந்தது, போனஸ் பாக்கி. வேலை நாட்கணக்கில் நடந்ததாகத்தான் குற்றச்சாட்டு. செயப்படுபொருள் ஓர் உணர்வு. எதுவும் வெடிக்கவில்லை. சொன்னது போலீஸ். இன்றைக்கு டெஸ்க்கில் இருந்தால் இப்படிக் கொடுத்திருப்பேன்: “வெளியாட்கள் சிலர் தொழிலாளர்களிடையே அதிருப்தியை மூட்டி வளர்ப்பதாகப் போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது. போனஸ் பாக்கியைக் கேட்டு ஆலை வாசலில் பந்தல் அமைத்து அமர்ந்துள்ள தொழிலாளர்கள் இதை மறுக்கிறார்கள். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.”